கைபேசிக் களப்பதிவு

கைபேசியில் தனி மைக்கைச் செருகி, ஒருவரை அவருடைய இடத்திலேயே பேசவைத்துப் பதிவது கைபேசிக் களப்பதிவு. வாய்மொழி வரலாறு, நாட்டாரியல், மொழியியல், செய்தித்துறை ஆகியவற்றில் கேசட் ரெக்கார்டரின் இடத்தை இன்று இது பிடித்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கரை இதற்கு வளமான களம், கடினமான களமும்கூட. மீனவர் குப்பங்கள், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள், வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருக்கின்றன.

பேச்சைப் பதிந்து சேகரிப்பது புதிதன்று. மொழியறிஞர் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வை ஒட்டி 1913 முதல் 1929 வரை நாட்டின் பேச்சுமொழிகள் இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. மின்மைக் பரவும் முன்பு, பேசுபவர் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பேச வேண்டும். கருவி கைக்குள் அடங்கிவிட்ட பிறகும் அந்த நெருக்கத்தின் தேவை மாறவில்லை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. சுற்றுச் சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பாயில் வைத்த கைபேசியின் சொந்த மைக்கில் பேசுபவரின் குரலை அலை விழுங்க, சட்டையில் குத்திய மலிவான காலர் மைக்கில் அதே குரல் தெளிவாக விழுவது இதனால்தான். விலை உயர்ந்த கைபேசி இந்தத் தூரத்தை ஈடுகட்டாது.

கைபேசியின் பழைய 3.5 மி.மீ. ஹெட்போன் துளைக்கு மூன்று கறுப்பு வளையமுள்ள பிளக் வேண்டும். கேமராவுக்கான இரண்டு வளையப் பிளக்கைச் செருகினால், பெரும்பாலான கைபேசிகள் அதைப் பொருட்படுத்தாமல் தம் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். திரையில் அலைக்கோடு ஆடும், ஏமாற்றம் வீட்டுக்குப் போன பின்தான் தெரியும். மைக்கின் தலையை நகத்தால் சுரண்டிச் சிறிது பதிந்து, பின் ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பது பழைய வழி, நம்பகமானதும் அதுவே. துளை இல்லாத கைபேசிகளுக்கு யூஎஸ்பி-சி மைக் உண்டு. வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், இடையில் ஓர் ஆள் வந்து நின்றாலே சொல் அறுபடலாம். உட்கார்ந்து பேசும் பேட்டிக்குக் கம்பி மைக்கே மேல்.

இக்கரையில் முதல் எதிரி காற்று. அது மைக்கின் தலையில் மோதும்போது எழும் தடதடப்பைப் பஞ்சு உறை ஓரளவும் ரோம உறை பெருமளவும் தணிக்கும். சவுக்குத் தோப்பின் இரைச்சல் வேறு வகை. குரல் இருக்கும் அலைவரிசை முழுக்க அது பரவிக் கிடப்பதால், பிறகு குரல் கெடாமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். நிழல் தேடிச் சவுக்கடியில் உட்காருவதைவிட வெயிலில் படகு மறைவு நல்லது. கைபேசிகளின் தானியங்கி ஒலியேற்றமும் தொல்லைதான்: பேசுபவர் யோசித்து நிறுத்தும் இடங்களில் அது கடல் இரைச்சலை மேலே தூக்கிவிடும். அணைக்க வழியுள்ள செயலியில் அதை அணைத்துவிடலாம்.

மைக்கை எங்கே குத்துவது என்பதும் எளிய கேள்வியன்று. கரையில் வலை பிரிக்கும் ஆண்கள் பலர் சட்டை போடுவதில்லை; தோளில் கிடக்கும் துண்டில் குத்தினால் அவர்கள் வியர்வையைத் துடைக்கும்போதெல்லாம் பதிவு உரசும். மீன் விற்கும் பெண்ணின் மாராப்பில் குத்தினால் தாலிச் சங்கிலி தட்டும், கை ஆட்டிப் பேசினால் கண்ணாடி வளையல் கலகலக்கும். வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சங்கிலி எட்டாத ஓரமாகக் குத்த வேண்டும். மீன் ஏலக் கூச்சல் ஓயக் காத்திருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடையில் பணம் வந்ததை அறிவிக்கும் பெட்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள். சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் பேச்சுக்கு நடுவே இடம் விடும், கல் அறுக்கும் மெஷின் விடாது. அங்கே சாப்பாட்டு நேரமே பேட்டி நேரம்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், இங்கே சேகரிக்க வேண்டியவை பெரும்பாலும் சொற்கள். வாடை, கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் மீனவர் வைத்திருக்கும் பெயர்களை, கேட்டுப் பழகாதவர் மங்கிய பதிவிலிருந்து ஊகித்து எழுத முடியாது.

வாவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் மணிக்குச் சுமார் 345 மெகாபைட் ஆகும். எம்பி3 சிறியது, ஆனால் ஆவணக்காப்புக்கு உகந்ததன்று. பதிவு தொடங்குமுன் ஏரோபிளேன் மோடு போடுவது வழக்கம். நாள், ஊர், காற்றின் திசை ஆகியவற்றைப் பதிபவர் தன் குரலிலேயே முதலில் சொல்லிவிட்டு, பேசுபவரின் சம்மதத்தையும் அவர் வாயாலேயே பதிந்துகொள்கிறார். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அந்த அரை நிமிடம் உள்ளேயே இருக்கும்.