பூச்சிகளுக்கு எடை போட்டவர்கள்

நகரையொட்டிய ஒரு காட்டில் பூச்சிகள் குறைந்துவிட்டன என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? முன்பெல்லாம் விளக்கைச் சுற்றி எத்தனை ஈசல், எத்தனை விட்டில் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நினைவு அளவாகாது. இரு வேறு காலங்களில், ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்திருக்க வேண்டும். ஜெர்மனியிலுள்ள கிரேஃபெல்டு நகரின் பூச்சியியல் கழகத்தார் அப்படி அளந்தார்கள். 1905இல் தோன்றிய இக்கழகத்தினர் பெரும்பாலும் ஆர்வத்தால் பூச்சிகளைப் பயில்பவர்கள்.

அவர்களுடைய கருவி மலேஸ் பொறி. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ரெனே மலேஸ், தம் கூடாரத்துள் நுழைந்த பூச்சிகள் மேல்மூலையில் போய்த் திரள்வதைக் கண்டார். பறக்கும் பூச்சிகள் பல, தடை எதிர்ப்பட்டால் மேல்நோக்கியே ஏறும். அந்த மூலையில் ஒரு புட்டியைப் பொருத்தினால் போதுமல்லவா? 1934இல் பர்மாவில் இதைச் செய்து பார்த்து, 1937இல் வெளியிட்டார்.

புட்டியிலுள்ள ஆல்கஹாலில் விழுந்த ஆயிரக்கணக்கான பூச்சிகளை எண்ணி மாளாது; எடை போடலாம். ஆனால் நனைந்த பூச்சியின் எடை எது? ஆல்கஹால் எவ்வளவு வடிந்தது என்பதற்கேற்ப அது மாறுமே! ஆகவே சாய்த்து வைத்த சல்லடையில் வடியவிட்டு, இரு சொட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் முதன்முறையாக 10 வினாடியை எட்டியதும் நிறுப்பது என்று விதி வகுத்தனர். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பத்து வினாடிதான். (செய்முறை வகுப்பில் அவசரப்படும் மாணவர்கள் கவனிக்க!)

நகரருகே உள்ள ஓர்ப்ரோய்ஷர் புரூக் என்னும் ஈரநிலக் காப்பிடத்தில் 1989இல் ஒரு பொறியில் சுமார் 1,400 கிராம் பூச்சிகள் சிக்கின. 2013இல் அதே இடத்தில் 300 கிராம்கூடத் தேறவில்லை.

ஓரிடத்துக் கணக்கு தற்செயலாக இருக்கலாம் என்று நீங்கள் ஐயுறுவது நியாயமே. 2017இல் வெளிவந்த கட்டுரை, 63 காப்பிடங்களில் 1989 முதல் 2016 வரை திரட்டிய 1,503 மாதிரிகளை ஆராய்ந்தது. 27 ஆண்டுகளில் எடை 76 விழுக்காடு சரிந்திருந்தது. நடுக்கோடையிலோ 82 விழுக்காடு! பல இடங்களில் ஓராண்டு மட்டுமே பொறி வைத்திருந்தார்கள் என்பது இதன் குறை. பருவம், வானிலை, தாவரம் ஆகியவற்றின் விளைவைக் கணக்கிட்ட பின்னும் சரிவு மறையவில்லை. சுற்றிலுமுள்ள வயல்களின் பூச்சிக்கொல்லி மருந்துகள்மீது பலருக்கு ஐயம் உண்டு. காரணம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

எந்த இனம் குறைந்தது என்று தராசு சொல்லாது. நல்லவேளை, நிறுத்து முடித்த பூச்சிகளைக் கழகத்தார் கொட்டிவிடவில்லை; மீண்டும் ஆல்கஹாலில் இட்டு, இடமும் நாளும் குறித்துச் சேமித்து வைத்தார்கள்.