அறுபத்தோராம் நெடுஞ்சாலை

1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் நகரில் நாட்டுப்பாடல் விழா நடந்துகொண்டிருந்தது. அவ்விழாவினர் பெரிதும் போற்றிய பாடகர் பாப் டிலன், அன்று மின்கிதாரும் வாத்தியக் குழுவுமாக மேடையேறினார். கூட்டத்தில் ஒரு சாரார் கூச்சலிட்டுத் தம் வெறுப்பைக் காட்டினர். மூன்று பாடல்களோடு டிலன் இறங்கிவிட்டார். பின்னர்த் திரும்பி வந்து, சாதாரணக் கிதாரை மீட்டி இரு பாடல்கள் பாடிச் சென்றார்.

மாணவர்களே, ஒரு கருவியை மாற்றியதற்கா இத்துணைச் சினம்? காரணம் இல்லாமல் இல்லை. 1961-இல், 19 வயது இளைஞராக நியூயார்க் வந்த டிலன், உழைப்பாளர் துயரைப் பாடிய வுடி கத்ரியை, அவர் நோயுற்றிருந்த காலத்தில் தேடிச் சென்று கண்டவர். 1963 ஆகஸ்டு 28-இல், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியில் பாடியவர். அத்தகையவர் கையில், நடனக் கூடத்திற்கும் வாணிகத்திற்கும் உரியதென்று தாம் எண்ணிய கருவியைக் கண்டதும், அன்பர் பலர் மரபு விலைபோயிற்றென்று அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் எள்ளுதல் தகாது. எனினும், அது சரிதானா என்று ஆராய்தல் வேண்டும்.

விழா முடிந்த நான்காம் நாளே டிலன் நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்திற்குத் திரும்பினார். ஆகஸ்டு 30-இல், ஒன்பது பாடல்கள் கொண்ட இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'ஹைவே 61 ரீவிசிட்டட்'. அறுபத்தோராம் நெடுஞ்சாலைக்கு மீண்டும் வருதல் என்பது பொருள். முதற்பாடலான 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஜூன் மாதமே பதிவானது. மூன்று நிமிடப் பாடல்களே வானொலியில் ஒலித்த காலத்தில், அது ஆறு நிமிடத்திற்கும் மேல் நீண்டது. நாட்டுப்பாடலின் சொல்வளமும் ராக் இசையின் வேகமும் கலந்த 'ஃபோக் ராக்' என்னும் புதுவகைக்கு இத்தட்டு ஒரு தூணாயிற்று.

இனி, அச்சாலையைப் பார்ப்போம். அக்காலத்தில் அது கனடா எல்லையருகே தொடங்கி, டிலன் பிறந்த டுலூத் நகர் வழியாக மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் வரை சென்றது. ஆற்றின் பெயரையே கொண்ட மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள், வறுமைக்கும் கொடுமைக்கும் தப்பி, இச்சாலை வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் வட நகரங்களுக்குப் பல்லாயிரக்கணக்கில் குடிபெயர்ந்தனர். அவர்களோடு 'புளூஸ்' என்னும் அவர்தம் பாட்டும் பெயர்ந்தது.

அவர்களுள் ஒருவர் மடி வாட்டர்ஸ். இச்சாலை செல்லும் கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் வாழ்ந்த அவருடைய பாட்டை, 1941-இல் ஆலன் லோமாக்ஸ் முதலிய ஆய்வாளர் நாட்டுப்பாடல் என்றே பதிவு செய்தனர். 1943-இல் அவர் சிகாகோ சென்றார். அந்நகரத்து விடுதிகளின் இரைச்சலில் சாதாரணக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஆகவே மின்கிதாரை ஏந்தினார். பாடியவர் அவரே, பாட்டும் அதுவே. ஒலி மட்டுமே உயர்ந்தது. அவரைப் போன்றோரின் வாசிப்பைச் சிகாகோவில் நேரில் கேட்டுப் பயின்ற மைக் புளூம்ஃபீல்டு என்னும் இளைஞரே, நியூபோர்ட் மேடையிலும் இவ்விசைத்தட்டிலும் டிலனுக்குத் துணையாக மின்கிதார் வாசித்தவர்.

ஆகவே, அன்று மரபுக்குப் பகை என்று இகழப்பட்ட கருவி, அம்மரபினரே தம் வாழ்க்கைத் தேவையால் முன்னரே கைக்கொண்டதாகும். இதை உணர்ந்தாற்போலத் தம் இசைத்தட்டுக்குச் சாலையின் பெயரையே டிலன் சூட்டினார். பழைமையையும் அவர் துறந்துவிடவில்லை. பதினொரு நிமிடத்திற்கு மேல் நீளும் இறுதிப் பாடலான 'டெசொலேஷன் ரோ' முரசின்றிச் சாதாரணக் கிதார்களோடு ஒலிக்கிறது. 2016-இல், அமெரிக்கப் பாடல் மரபினுள் புதிய கவிதை நெறிகளைப் படைத்தமைக்காக இலக்கிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

மரபைக் காக்க விரும்பும் இளைஞர், அது எங்கிருந்து எவ்வழியே நடந்து வந்தது என்பதை முதலில் கற்க வேண்டும். வந்த வழியை அறியாதவர், அதனைத் தாம் கண்ட இடத்திலேயே நிறுத்திவைக்க முயல்வர். நியூபோர்ட்டில் கூச்சலிட்டோர் பாட்டின்மேல் அன்பில்லாதவர் அல்லர். அதன் வரலாற்றைப் பாதியிலேயே நிறுத்திப் படித்தவர்கள்.