கலயமும் சுண்ணாம்பும்: பனையேறிகளின் கைத்தொழில்

கள் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். குடியின் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு சேர்த்து ஒரு பெரிய கைத்தொழிலின் வரலாற்றையும் புதைத்துவிட்டோமே என்பதுதான் என் கவலை.

சங்க இலக்கியத்தில் கள்ளுக்கு நறவு, தேறல் என்று பல பெயர்கள் உண்டு. அதியமானை இழந்த ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, கொஞ்சம் கள் கிடைத்தாலும் அதைத் தமக்கே தந்துவிடும் அவன் பண்பை நினைத்து அழுகிறது. யவனர் கொண்டுவந்த தேறலையும் புறநானூறு சொல்கிறது. 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா சாடித் துண்டுகள் அந்த வணிகத்துக்குச் சான்று. அது அரண்மனைக்கு வந்த சரக்கு. ஊராருக்குப் பனையே சாடி.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பனங்காட்டு மனிதர்களும் உண்டு. ஊரில் பனையேறியாக இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதனி, தடவாட்டி கள்ளு. அவ்வளவுதான் தம்பி!" விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. பாளையில் வடியும் இனிப்புச் சாற்றைக் காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் புளிக்க வைக்கும். சுண்ணாம்பு அதைத் தடுக்கும். அந்தப் பதனீரை விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி.

இந்த நுட்பம் சட்டத்தின் நிழலில் சுருங்கியது. 1937இல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பதனீர் இறக்கத் தடையில்லை என்றாலும், கலயத்தோடு போகிற பனையேறியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற பழக்கம் போகவில்லை. பிள்ளைகளும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. 1978இல் மாநில மரமான பனைக்கு, ஏற ஆளில்லாமல் போயிற்று.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். மும்பை ரயில் நிலையங்களில் நாம் வாங்கிக் குடித்த நீரா, பதனீரின் உடன்பிறப்புதான். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. பொருளுக்குப் பெருமை கிடைத்தது, செய்த கைக்கு?

தளைநார், பாளை அருவா, முருக்குத்தடி, விடிலி, கூப்பனி. இந்தச் சொற்களின் பொருள் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் சால்களிலும் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மரத்தை இங்கே கொண்டுவர முடியாது. மரமேறிய அறிவையாவது காப்பாற்றலாம்.