தொண்டை மண்டலத்தில் ஓட்டமும் தடமும்: ஓயாத்துரத்தல் வேட்டைக் கருதுகோள் – ஒரு மறுபார்வை

முன்னுரை

நடுப்பகல் வெயிலில் ஒரு மானை இளைப்பாற விடாமல் பின்தொடர்ந்து, உடல் சூடேறி அது நின்றுவிட்டதும் கொல்வது ஓயாத்துரத்தல் வேட்டை. மனித உடலை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் இந்த வேட்டைக்குப் பெரும் பங்குண்டு என்று ஆய்வாளருள் ஒரு சாரார் கருதுகின்றனர். விவாதம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றியே நடந்துவந்துள்ளது. காஞ்சிபுரம் தலைநகராக விளங்கிய தொண்டை மண்டலத்துச் சான்றுகளைக் கொண்டு எடைபோட்டால், ஓட்டத்தைவிடத் தடம் அறியும் திறனுக்கே வலுவான ஆதாரம் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருதுகோளின் வளர்ச்சி

ஓடும்போது மற்றப் பாலூட்டிகளைவிட மனிதன் அதிக ஆற்றலைச் செலவிடுகிறான். அப்படியிருந்தும் அவனால் நெடுந்தொலைவு ஓட முடிவது ஏன்? 1984-இல் டேவிட் கேரியர் இக்கேள்வியை எழுப்பி, வியர்வையை விடையாகக் காட்டினார். நாலுகால் பாய்ச்சலில் விலங்கின் மூச்சு காலடியோடு பிணைந்துவிடுகிறது. எனவே பாய்ந்தபடியே மூச்சிரைத்து உடலைத் தணித்துக்கொள்ள அதனால் இயலாது. மயிர் குறைந்து வியர்வைச் சுரப்பி மிகுந்த மனித உடலுக்கு அந்தத் தடை இல்லை.

2004-இல் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் ‘நேச்சர்’ இதழில் இதற்கு எலும்புச் சான்று சேர்த்தனர். நீண்ட குதிகால் நாண், பெருத்த பிட்டத்தசை, தலை ஆடாமல் பிடிக்கும் பிடரி நார் ஆகியவை நடைக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவை, ஓட்டத்துக்கே உரியவை. இந்த ஓட்டத்திறன் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்பது அவர்கள் முடிவு. ஆப்பிரிக்காவின் களஹாரிப் பாலைவன வேடர்கள் 39 முதல் 42 டிகிரி வெப்பத்தில் இரண்டு முதல் ஐந்து மணி நேரம் வரை விலங்குகளைத் துரத்தியதை லூயிஸ் லீபன்பெர்க் 2006-இல் பதிவுசெய்தார்.

எதிர்வாதமும் உடனே எழுந்தது. ஆதிமனிதன் வாழ்ந்த மரங்களடர்ந்த புல்வெளி களஹாரி மணல் அன்று; அங்கே தடம் எளிதில் விழாது; தடம் படிக்கும் அறிவும் அவனுக்கு இருந்திருக்காது என்று பிக்கரிங், பன் ஆகியோர் 2007-இல் மறுத்தனர். 2024-இல் மோரினும் விண்டர்ஹால்டரும் 16-ஆம் நூற்றாண்டு முதலான பயணக் குறிப்புகளிலிருந்து இவ்வகை வேட்டை பற்றிய 391 செய்திகளைத் திரட்டினர். அவை ஒரே நிலத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதால், களஹாரிக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்ற வாதம் தளர்ந்தது. தடம் படிக்கும் அறிவு பற்றிய கேள்வி தீரவில்லை.

கற்கள் சொல்வது

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. இரண்டும் தொண்டை மண்டலத்துக்குள் அடங்கும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் நடத்திய அகழாய்வு அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயதை 2011-இல் நிறுவியது. சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் தொடங்கிவிட்டது என 2018-இல் அவர்கள் அறிவித்தனர்.

இவ்விரு காலக்கணிப்புகளும் நம் கேள்விக்கு ஓர் எல்லை வகுக்கின்றன. கைக்கோடரி கையில் பிடித்து வெட்டவும் கிழிக்கவும் உதவுவது. தொலைவிலுள்ள விலங்கை வீழ்த்த ஏற்றதன்று. இடைப் பழங்கற்காலத்திலோ கழியில் பொருத்தத்தக்க சிறிய கூர்முனைகள் வந்துவிட்டன. விலங்கைக் களைக்கவைத்து நெருங்கவேண்டிய தேவை இங்கு இருந்திருந்தால், அது அந்த நெடிய முதற்கட்டத்தில்தான் மிகுந்திருக்கும். மரஈட்டி இருந்திருக்கலாம், ஆனால் மரம் இம்மண்ணில் எஞ்சவில்லை. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்காததால் குதிகால் நாணையும் பிடரி நாரையும் இங்கு சோதிக்க வழியில்லை. எருமை, குதிரை இனப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்துள்ளன. குதிரையினம் திறந்தவெளி மேய்ச்சலுக்கு உரியது. ஈரக் களிமண்ணோ மணலைப் போலவே தடத்தை வாங்கிக்கொள்ளும். எனவே தடம் விழாது என்ற மறுப்பு இங்கு முழுமையாகப் பொருந்தாது.

தட்பவெப்பம் எதிர்த்திசையில் பேசுகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். களஹாரியின் வறண்ட காற்று தரும் அந்த வசதியைக் கடலோரப் புழுக்கம் தராது. கத்திரி வெயிலிலும் இங்கு நெடுநேரம் துரத்துவது வேடனுக்கே ஆபத்தாகலாம்.

வழக்காறும் வாழும் சான்றும்

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். பல்லக்கைத் தோள்மாற்றிச் சுமந்து செல்வோரின் உடலுரம் வியக்கத்தக்கது. ஆயினும் அது அரச வேட்டையின் சடங்கு வடிவம். ஓயாத்துரத்தலுக்கு அதைச் சான்றாக்குவது பொருந்தாது.

தடமறிவுக்கு நேரான சான்று இருளர் பழங்குடியினரிடம் இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ச் சமவெளியில் வாழும் இவர்கள் பாம்பின் தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் கொண்டு வளையைக் கண்டுபிடிப்பவர்கள். 1978-இல் வடநெம்மேலியில் அமைந்த அவர்களது கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை முறிமருந்துத் தயாரிப்புக்கு வழங்குகிறது. 2017-இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றனர். பழக்கமில்லாத நிலத்திலும் அவர்களது தடமறிவு பலன் தந்தது. குறைந்த தடயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத விலங்கின் போக்கை ஊகிப்பதே ஓயாத்துரத்தலிலும் வேடனின் முதல் தேவை. மான் பார்வையிலிருந்து மறைந்தபின் தடம் தெரியாதவன் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

முடிவுரை

இருளர்கள் ஓடி வேட்டையாடுவோர் அல்லர். அவர்களை ஆதிமனிதனின் எச்சமாகக் காண்பதும் தவறு. இன்றைய மனிதர்களான அவர்கள் பயின்று காக்கும் அறிவு, இக்கருதுகோளில் குறைவாக ஆராயப்பட்ட பாதியை விளக்க உதவும். தொண்டை மண்டலத்தில் நெடுந்தொலைவு ஓட்டம் சாத்தியமே, நிறுவப்படவில்லை. மேற்கொண்டு செய்யவேண்டியது, இருளர்களின் தடமறிவை அவர்கள் ஒப்புதலோடும் பங்கேற்போடும் முறையாகப் பதிவுசெய்வது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் தொல்லியல், மானுடவியல் துறைகள் இணைந்து இப்பணியைத் தொடங்கவேண்டும்.