எம்ப்ளாய்மெண்ட் ஆபீசும் ஊர் திரும்பியவர்களும்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நம் தலைமுறையில் பலரும் செய்த முதல் காரியம், மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறி எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்ததுதான். அந்த அட்டையை ரேஷன் கார்டுக்குச் சமமாகப் பெட்டியில் பூட்டி வைத்தோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும்.

ஆனால் அந்த அலுவலகம் முதலில் நமக்காக ஏற்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டு வீடு திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தர மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு அது. 1946 முடிவதற்குள் நாடெங்கும் 71 அலுவலகங்கள். அடுத்த ஆண்டே பிரிவினை வந்தது. அகதிகளாக வந்தவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. 1948 தொடக்கத்தில்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

அதன்பின் அது அரசு வேலைக்கான காத்திருப்பு வரிசையாகவே நம் மனதில் பதிந்துவிட்டது. அந்த வரிசையும் தளர்ந்தது. பதிவு மூப்புப் பட்டியலை மட்டும் நம்பாமல், பத்திரிகை விளம்பரமும் கொடுத்து ஆளெடுக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பழைய காட்சி திரும்பியது. மும்பையிலிருந்து நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். மே மாதம் முதல் வளைகுடாவிலிருந்து தனி விமானங்களில் வந்தார்கள். போர் இல்லை, பிரிவினை இல்லை. ஆனாலும் கையில் தொழிலும் பையில் காசில்லாமலும் ஊர் திரும்பிய கூட்டம்.

இம்முறை உதவி கம்ப்யூட்டர் வழியாக வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் தொழில்திறனைப் பதிவு செய்ய மத்திய அரசு 'ஸ்வதேஸ்' திட்டத்தைத் தொடங்கியது. 2020 ஜூனில் தமிழக அரசு 'தனியார் துறை வேலை இணையம்' திறந்தது; வேலை தேடுபவரும் ஆள் தேடும் நிறுவனமும் கட்டணமின்றிப் பதியலாம். 2017 முதல் 2019 வரை புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு 2021-இல் சலுகையும் கிடைத்தது.

கூட்டம் கூடக் கூடாத காலத்தில் இதைவிட வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் இருபது வருஷம் வெளியூரில் வெல்டிங் செய்துவிட்டு வந்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் சீனியாரிட்டி சலுகையால் என்ன பயன்? இணையத்தில் படிவம் நிரப்பவே அவருக்கு இன்னொருவர் துணை வேண்டும்.

வரிசையைக் காப்பது ஒரு வேலை. வந்தவரை உட்கார வைத்து, "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டு, ஓரிடத்தில் சேர்த்துவிடுவது வேறு வேலை. 1945-இல் இந்த அலுவலகம் பிறந்தது இரண்டாவது வேலைக்காகத்தான். அடுத்த முறை ஒரு கூட்டம் ஊர் திரும்பும்போதாவது அது நினைவில் இருக்கட்டும்.