ஆற்றலும் அடக்கமும்



நான்கு மாணவர்கள் ஒரே தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்நால்வரிடையே வேற்றுமை தெரியாது. ஆனால், ஆண்டு முழுவதும் அவர்களோடு பழகிய ஆசிரியர் அவ்வாறு எண்ணமாட்டார். ஒருவன் கணக்கை விரைவாகப் போடுகிறவன். மற்றொருவன் மெதுவாகப் போட்டாலும் பிழையின்றிப் போடுகிறவன். ஒருவன் வினாவின் போக்கறிந்து விடை எழுதுகிறவன். இன்னொருவனோ, இதைவிட மிகுதியாக எழுத வல்லவனாயிருந்தும் கேட்ட அளவோடு நிறுத்திக்கொண்டவன். எண் ஒன்று, ஆட்கள் வேறு.

பள்ளியில் நாம் காணும் இவ்வுண்மையை மோட்டார் வண்டிகளின் வரலாற்றிலும் காணலாம். 1989 முதல் 2004 வரை, ஜப்பானிய கார் நிறுவனங்கள் தம் நாட்டில் விற்கும் வண்டிகளின் திறன் 280 குதிரைத்திறனுக்கு மேற்செல்லாது என்று தமக்குத்தாமே ஒரு வரம்பை வகுத்துக்கொண்டன. அந்த வரம்புக்குள் நின்று அவை உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார்களில் நான்கினை ஒப்பிட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். இரண்டு கதவுகளும், பின்புறம் சரிந்து இறங்கும் கூரையும் உடைய காரைக் ‘கூப்பே’ என்பர். வெட்டிக் குறைக்கப்பட்டது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. குடும்பம் முழுவதும் ஏறிச் செல்வதற்கன்று, ஓட்டுகிறவரின் மகிழ்ச்சிக்கென்றே செய்யப்படுவது இவ்வகைக் கார். இதனை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் உண்டு. எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பது ஒன்று, அது ஆற்றல். வளைவிலும் வழுக்கலிலும் ஓட்டுநரின் கைக்கு எவ்வளவு பணிகிறது என்பது மற்றொன்று. அதனை அடக்கம் என்று சொல்லலாம். ஆற்றலை ஓர் எண்ணால் குறித்துவிடலாம். அடக்கத்தை அவ்வாறு குறிக்க இயலாது.

ஜப்பானில் இவ்வகைக் கார்களின் வரலாறு 1960களில் சூடு பிடித்தது. 1967ஆம் ஆண்டு இரண்டு புகழ்பெற்ற கூப்பேக்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, யமஹா நிறுவனத்தின் துணையுடன் டொயோட்டா செய்த 2000ஜிடி; மற்றொன்று, சுழலும் இயந்திரம் பொருத்திய மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட். 1969இல் நிஸ்ஸான் நிறுவனத்தின் ஃபேர்லேடி இசட் வெளிவந்தது. வெளிநாடுகளில் டாட்ஸன் 240இசட் என்று பெயர் பெற்ற அவ்வண்டி, 1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் முதலிடம் பெற்றது. சேறும் புழுதியும் நிறைந்த அப்பாதையில் வெறும் வேகத்தால் வெல்ல முடியாது என்பது வெளிப்படை.

1980களில் ஜப்பான் செல்வச் செழிப்பில் திளைத்தது. ஆண்டுதோறும் இயந்திரங்களின் குதிரைத்திறனும் ஏறிக்கொண்டே சென்றது. அதனோடு கூடவே வேறோர் எண்ணும் ஏறியது. ஜப்பானியச் சாலை விபத்துகளில் 1970ஆம் ஆண்டு 16,765 பேர் மாண்டனர்; அதுவே அந்நாட்டு வரலாற்றில் மிகக் கொடிய ஆண்டு. பிறகு பெருமுயற்சியால் 1979இல் அத்தொகை 8,466 ஆகக் குறைந்தது. ஆனால், 1988இல் அது மீண்டும் 10,000ஐத் தாண்டிவிட்டது. இரவு நேரங்களில் மலைப்பாதைகளிலும் விரைவுச்சாலைகளிலும் பந்தயம் ஓட்டிய இளைஞரைப் பற்றி நாடே கவலைப்பட்டது. இந்நிலையில்தான் நிறுவனங்கள் தம்முள் உடன்பாடு செய்துகொண்டன. 1989இல் ஃபேர்லேடி இசட் எட்டியிருந்த 280 என்னும் எண்ணே எல்லைக்கல் ஆயிற்று. இது அரசு இயற்றிய சட்டமன்று. கனவான்களின் வாக்குறுதி போன்றது. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி தடுக்கும் கருவியும் வண்டிகளில் பொருத்தப்பட்டது.

எண்ணால் முந்த வழியில்லை என்றானபின், பொறியாளர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைக் கண்டது.

முதலாவது, 1989இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். 2,568 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம், வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. ஆனால், இவ்வண்டியின் சிறப்பு இயந்திரத்தோடு முடியவில்லை. வழக்கமாகப் பின்சக்கரங்களே இதனைத் தள்ளிச் செல்லும். அவை வழுக்கத் தொடங்கியதும் உணர்கருவிகள் கணினிக்குச் செய்தி சொல்ல, கணினி விசையில் பாதியளவு வரை முன்சக்கரங்களுக்கு அனுப்பும். சேற்றில் சிக்கிய வண்டியைப் பின்னால் தள்ளுகிறவனோடு, முன்னால் இழுப்பவனும் கைகொடுப்பதுபோல என்று கொள்ளுங்கள். பின்சக்கரங்களும் தேவைக்கேற்பச் சிறிதளவு திரும்பும். இதன் பயனைப் பந்தயக்களம் காட்டியது. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் ‘குரூப் ஏ’ பந்தயங்கள் இருபத்தொன்பதில் இருபத்தொன்பதையும் இவ்வண்டியே வென்றது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தையும் 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. திரைப்படத்து அரக்கனாகிய காட்ஸில்லாவின் பெயரை ஆஸ்திரேலியர் இதற்குச் சூட்டினர்.

இரண்டாவது, 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ். இதனை விளங்கிக்கொள்ள நம் காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் இருமுனையிலும் இரண்டு நீர்க்குடங்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்புவது கடினம், திரும்பியபின் நிற்பது அதனினும் கடினம். அதே குடங்களைத் தோளருகே நகர்த்திக் கட்டினால் எளிதாகத் திரும்பலாம். எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. எடை இருக்கும் இடமே மாறியது. ஹோண்டா பொறியாளர் இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, பின்னச்சுக்கு முன்னே வைத்தனர். வண்டியின் உடலை முழுவதும் அலுமினியத்தால் செய்து, எஃகு உடலோடு ஒப்பிட நூறு கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தனர். மூன்று லிட்டர் இயந்திரத்துக்கு டர்போவின் துணையே இல்லை. ஆகவே, ஓட்டுநர் காலால் மிதித்த அளவுக்கு உடனே மறுமொழி கிடைத்தது.

இவ்வண்டியைப் பற்றி ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 1989இல், உலகப் பந்தய வீரர் அயர்டன் சென்னா சுசுகா ஓடுதளத்தில் இதன் மாதிரியை ஓட்டிப் பார்த்தார். உடற்கூடு போதிய உறுதியுடன் இல்லை என்று அவர் கருத்துரைத்தார். வளைவில் உடற்கூடு நெளிந்தால் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது. பொறியாளர் அக்கருத்தைப் புறக்கணிக்கவில்லை. ஜெர்மனியில், ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்புர்க்ரிங் பாதையில் நெடுநாள் ஓட்டிச் சோதித்து, உடற்கூட்டை வலுப்படுத்திய பின்னரே விற்பனைக்கு அனுப்பினர். குறையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பண்பும் பொறியியலின் ஒரு பகுதியே.

மூன்றாவது, 1991இல் வெளிவந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7. இதன் இயந்திரத்தில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல, இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று சுழலும். ஜெர்மானியராகிய ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த இம்முறையில் அத்தகைய சுழலிகள் இரண்டு. இரண்டும் சேர்ந்து 1,308 கன சென்டிமீட்டர்தான். சிறியதும் இலேசானதுமான இவ்வியந்திரத்தை முன்னச்சுக்குப் பின்னே தாழ்வாகப் பொருத்த முடிந்தது. அதனால், எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. தொடக்கத்தில் இதன் திறன் 255 குதிரைத்திறனே. வரம்பை எட்டுவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எரிபொருளை மிகுதியாகக் குடிப்பதும், வெப்பத்தால் வருந்துவதும் இதன் குறைகள். சுழலியின் முனைகளில் உள்ள அடைப்புத் தகடுகள் பழுதுபட்டால் செலவு பெரிது.

நான்காவது, 1993இல் வந்த டொயோட்டா சுப்ரா. மூன்று லிட்டர் கொள்ளளவு, வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். முன்னே இயந்திரம், பின்னே உந்தும் சக்கரங்கள். அமைப்பில் புதுமை குறைவு. ஆனால், வார்ப்பிரும்பால் ஆன இயந்திரக் கட்டை மிக வலியது. ஜப்பானில் இதன் திறன் 280 என்று குறிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பியபோதோ, டர்போ முதலிய சில உறுப்புகளின் மாற்றத்தோடு, 320 ஆயிற்று! கேட்ட அளவோடு விடையை நிறுத்திக்கொண்ட மாணவன் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவன் இவன்தான்.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு குதிரைத்திறனும் எத்தனை கிலோ எடையை இழுக்க வேண்டியிருக்கிறது? என்எஸ்எக்ஸின் எடை ஏறத்தாழ 1,350 கிலோ. அதனை 280ஆல் வகுத்தால் 4.8 கிலோ. ஆர்எக்ஸ்-7 சுமார் 1,260 கிலோ. தொடக்கக் காலத் திறனாகிய 255ஆல் வகுத்தால் 4.9. ஜிடி-ஆர் 1,430 கிலோ. 280ஆல் வகுக்க 5.1. சுப்ரா சுமார் 1,510 கிலோ. 280ஆல் வகுக்க 5.4. திறனில் 25 குறைந்த ஆர்எக்ஸ்-7, ஜிடி-ஆரைவிட இலேசான சுமையை இழுக்கிறது. எண்ணில் பின்தங்கிய வண்டி, வகுத்துப் பார்த்தால் முந்திவிடுகிறது. தாளில் அச்சிட்ட ஒரே எண்ணை நம்பியவர் இதனைக் கண்டிருக்க மாட்டார்.

அப்படியானால் நான்கனுள் சிறந்தது எது? பாதையைச் சொன்னால்தான் விடை சொல்லலாம். மழை பெய்து வழுக்கும் பாதையில், நான்கு சக்கரங்களாலும் தரையைப் பற்றும் ஜிடி-ஆரே நம்பிக்கைக்குரியது. அடுத்தடுத்து வளைவுகள் உள்ள மலைப்பாதையில் ஆர்எக்ஸ்-7 கைக்குறிப்பறிந்து திரும்பும். நீண்ட நேர்ச்சாலையில் சுப்ராவின் வலிமை வெளிப்படும். நெருக்கமான வளைவுகளில் அதன் எடை உணரப்படும். என்எஸ்எக்ஸ் எங்கும் சீராக இயங்கும். ஆனால், அலுமினியத்துக்கு விலை உண்டு. தொடக்கத்தில் ஜிடி-ஆர் சுமார் 45 இலட்சம் யென்னுக்கு விற்றபோது, என்எஸ்எக்ஸின் விலை சுமார் 80 இலட்சம் யென்.

இனி, அந்த வரம்பு தன் நோக்கத்தை நிறைவேற்றியதா என்று கேட்க வேண்டும். வரலாறு பயில்கிறவர் புகழ்ந்து மட்டும் நிறுத்தக் கூடாது. வாக்குறுதி தாளில் இருந்தது. பட்டறையிலோ அதன் பிடி தளர்ந்தது. அளவு கருவியில் ஏற்றிப் பார்த்தவர்கள், குறித்த எண்ணுக்கு மேற்பட்ட திறனைப் பல வண்டிகளில் கண்டனர். அன்றியும், 280 என்பதே சிறிய எண்ணன்று. அக்காலத்து ஜப்பானிய விரைவுச்சாலைகளில் விதித்த வேகமோ மணிக்கு 100 கிலோமீட்டர்! நன்றாகப் பணியும் வண்டிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. எவ்வளவு வேகத்தில் செல்கிறோம் என்பதை அது ஓட்டுநருக்கு உணர்த்துவதில்லை. பிடி இருக்கும்வரை எல்லாம் எளிதாகத் தோன்றும். பிடி நழுவும்போது காலம் கடந்துவிடும். வண்டியின் அடக்கம் ஓட்டுநரின் அடக்கத்துக்கு ஈடாகாது.

2004இல் ஹோண்டாவின் லெஜண்ட் என்னும் கார் 300 குதிரைத்திறனோடு வந்தது, வரம்பும் முடிவுற்றது. 2007இல் வந்த நிஸ்ஸான் ஜிடி-ஆரின் திறன் 480. ஆனால், ஜப்பானில் சாலை இறப்புகள் பெருகவில்லை. தொடர்ந்து குறைந்து, 2020இல் 3,000க்கும் கீழே வந்தன. இருக்கை வார், குடித்து ஓட்டுவோர்க்குக் கடுந்தண்டனை, உறுதியான கார் உடல், விரைந்த மருத்துவ உதவி எனப் பல காரணங்கள் சேர்ந்தே அதனைச் சாதித்தன. ஒற்றை எண்ணை மேலே ஏறாமல் பிடித்து வைத்ததனால் மட்டும் அது நிகழவில்லை.

எனினும் அப்பதினைந்து ஆண்டுகள் வீண்போகவில்லை. இயந்திரத்தைப் பெரிதாக்கும் எளிய வழி அடைபட்டதனால், எடையைக் குறைப்பது, எடையை வைக்குமிடம் அறிவது, சக்கரங்களுக்கு விசையைப் பகிர்வது, உடற்கூட்டை உறுதியாக்குவது ஆகிய அரிய கலைகளில் ஜப்பானியப் பொறியாளர் மனத்தைச் செலுத்தினர். அந்நால்வகை வண்டிகளும் உற்பத்தி நின்ற பின்னும் இன்றுவரை போற்றப்படுவதற்குக் காரணம் அதுவே.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒருநாள் வண்டி வாங்குவீர்கள். பொறியாளராகி வண்டி செய்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் எவ்வளவு எடையை இழுக்கிறது, அந்த எடை எங்கே இருக்கிறது, வளைவில் அது என்ன செய்யும், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் வண்டி எவ்வளவு தொலைவில் நிற்கும் என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை தெரிந்த பின்னர் ஓட்டுநர் இருக்கையில் அமருங்கள்.