கல்லன்று, கரித்தரை!

மயிலாடிச் சிற்பிகள் கருங்கல்லுக்கு மெருகேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குமரி மாவட்டத்தில், 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்து அரண்மனைத் தரையும் அப்படித்தான் கறுப்பாகப் பளபளக்கிறது. ஆனால் அது கல்லன்று! சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியன சேர்த்தரைத்த சாந்து என்பர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். அவசரப்பட்டால் நடக்காது.

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டு வேறு வகை. அது நீரோடு வினைபுரிந்து இறுகுவது, காய்ந்து இறுகுவதன்று. வீட்டின் பழைய சிமெண்டுத் தரை பொரிந்துவிட்டதா? மேலே வெறும் சிமெண்டுப் பாலைப் பூசினால் செதில் செதிலாக உரியும். கொத்திவிட்டு, கழுவி, ஈரத்தின்மேல் புதுச் சாந்து பூசுங்கள். மறுநாள் பாத்தி கட்டி, ஒரு வாரமாவது நீர் நிறுத்துங்கள்.